இருநூற்றுப் பதினான்கு அரிசி நத்தைகள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் உதை வாங்குவது பக்கத்தில் இருக்கிற நாற்காலிதான். அன்றைக்கும் அப்படித்தான். இடுக்கியிலிருந்து ஒரு நத்தை ஓடு நழுவித் தரையில் விழுந்தது. "சனியனே" என்று நாற்காலியை உதைத்தேன். அதன் சக்கரம் உருண்டுபோய் அந்த ஓட்டின் மேலேயே ஏறியது. சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். அதோடு எங்கள் தெருவே கேள்விக்குறி ஆகிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் கடல் ஆய்வுக்கூடத்தில் சேறு பார்க்கிறவள். சிரிக்காதீர்கள், பதினாறு வருஷமாக அதுதான் வேலை. கழிமுகத்திலிருந்து வாளியில் சேறு வரும். சல்லடையில் அலசி, மிஞ்சுவதை மருந்தில் ஊறப் போடுவோம். அந்த மருந்தில் ஒரு இளஞ்சிவப்புச் சாயம் இருக்கும். சதை எங்கே இருந்தாலும் சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து வெள்ளைத் தட்டில் பரப்பி நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், உள்ளே சிவப்பாகத் தெரிகிற ஓடெல்லாம் பிடிபட்டபோது உயிரோடு இருந்தவை. வெறும் வெள்ளையாக இருந்தால் செத்து எத்தனையோ நாளான காலி ஓடு. கண் கெட்டுப்போகிற வேலை. என் கண் கெடவில்லை. என் அண்ணன் எனக்கு வைத்த பெயரே பூதக்கண்ணாடி.

அந்தச் சேற்றில்தான் அரிசி நத்தை இருந்தது. புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு, எங்கள் கூடத்துத் தலைவி மேடம் வைத்தது. எங்களுக்கு அரிசி நத்தைதான். அரிசி நீளம், பால் வெள்ளை, மேலே இரண்டு பழுப்புக் கோடு, எண்ணெய் தடவியது போலப் பளபளப்பு. வாய் என்பது பக்கவாட்டில் ஒரு கீறல். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டின் சுவர் வழியே சிவப்பு தெரியும். எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கிற இந்த ஒரு கழிமுகத்தைத் தவிர வேறெங்கும் இது கிடையாது என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் மேடம் எழுதினார். அன்றைக்கு அதை உயிரோடு பார்த்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும்.

கழிமுகத்தை மண் போட்டு நிரப்பிச் சரக்குக் கிடங்கு கட்டப் போகிறோம், கரையோரம் இருக்கிற முப்பத்தெட்டு வீட்டையும் காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்தது. அண்ணன்தான் தெருச் சங்கத்துக்குத் தலைவர். மனு கொடுத்துக் கொடுத்து அவர் செருப்புதான் தேய்ந்தது. முப்பத்தெட்டுக் குடும்பத்துக்காக நிற்காத வேலை கடைசியில் ஒரு அரிசிக்காக நின்றது. போன வருஷம் நான் எண்ணிக் கொடுத்த எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு. அத்தனையும் சிவப்பு. அதைப் பார்த்துத்தான் கோர்ட்டில் தடை கொடுத்தார்கள். அண்ணன் தெருமுனைச் சுவரில் '214' என்று ஆள் உயரத்துக்கு நீலப் பெயிண்டில் எழுதினார். எங்கள் தெருவில் எண்ணத் தெரியாத குழந்தைக்குக்கூட அந்த எண் தெரியும்.

இப்போது தடையின் கெடு முடிகிறது. மூன்று பேர் கொண்ட குழு ஒன்று மறுநாள் நேரில் வந்து பார்க்கப் போகிறது. அவர்களுக்குக் காட்ட நல்ல ஓடாகப் பத்து எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் மேடம். போன வருஷக் குப்பியிலிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டை உடைப்பது எங்கள் கூடத்தில் கொலைக் குற்றம். அரிய பிராணி, ஒன்றைக்கூட உடைக்கக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். பதினோரு வருஷமாக யாரும் உடைத்ததில்லை. நான் பயந்துபோய்த் தரையில் உட்கார்ந்து, துண்டுகளை ஈரத் தூரிகையால் ஒற்றியெடுத்துத் தட்டில் போட்டு, எதையாவது ஒட்ட முடியுமா என்று நுண்ணோக்கியில் பார்த்தேன்.

உள்ளே சிவப்பாக ஒன்று கிடந்தது. அதற்குக் கால் இருந்தது. ஒரு கொடுக்கும் இருந்தது.

நத்தைக்கு ஏது கொடுக்கு? சன்னியாசி நண்டு. செத்த நத்தையின் காலி ஓட்டுக்குள் குடியேறி, அதையே முதுகில் சுமந்துகொண்டு திரிகிற குட்டி நண்டு. சாயத்துக்கு நத்தைச் சதை, நண்டுச் சதை என்று வித்தியாசமா தெரியும்? பார்த்த சதையைப் பிடித்துக்கொண்டது. நானும் சிவப்பைப் பார்த்தேன், எண்ணுகிற கருவியை விரலால் அழுத்தினேன்.

ஒன்றுதானே, தப்பித்தவறிக் கலந்த ஒன்று என் காலில் மாட்டியிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு இன்னொன்றை உடைத்தேன். கொடுக்கு. இன்னொன்று. கொடுக்கு. வரிசையாக முப்பது உடைத்தேன். முப்பதிலும் நண்டு. குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினேன், மூடாமலேயே வந்துவிட்டேன்.

மேடத்திடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் வந்து பார்த்தார். தட்டை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"உன் தப்பு இல்லம்மா. உடைக்காதேன்னு சொன்னவ நான்தானே."

"மேடம், நாளைக்கு அவங்க வர்றாங்க."

"நாளைக்கு நானே சொல்லிடுவேன். போன வருஷ எண்ணிக்கை தப்புன்னு."

"சொன்னா எங்க தெரு போயிடும் மேடம்!"

"சொல்லாம இருந்தா நான் போயிடுவேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழு சேத்துல கயிறு கட்டி அஞ்சு கட்டம் பிரிக்கும். அந்தக் கட்டத்துக்குள்ள, அவங்க கண்ணு முன்னாடி, ஒண்ணே ஒண்ணு உயிரோட கிடைச்சாலும் போதும். தடை நிக்கும். வெளியில இருந்து கொண்டு வந்து காட்டறது செல்லாது. கிடைக்கலன்னா நம்ம கையில எதுவும் இல்ல."

ஒன்று. இருநூற்றுப் பதினாலு கேட்கவில்லை, நூறு கேட்கவில்லை. ஒன்று போதும். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கூடத்துச் சல்லடை ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் வெல்டர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. இரும்புச் சட்டம் விழுந்து இடது பாதம் நசுங்கிய பிறகு அவர் எங்கேயும் போய் வேலை செய்ய முடியாது. வேலைதான் அவரைத் தேடி வாசலுக்கு வரவேண்டும். எங்களுக்கு மாற்றாக ஒதுக்கியிருக்கிற வீடு ஊருக்கு வெளியே, நாலாவது மாடி. லிப்ட் கிடையாது. அங்கே நெருப்புப் பொறி பறக்கவிட்டால் போலீஸ் வரும். அந்த மாடியில் இந்த மனுஷன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தே செத்துப்போவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு ஆபீஸ் இருக்கிறது. அவருக்கு என்ன இருக்கிறது?

விஷயத்தைச் சொன்னேன். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆக, இவ்வளவு நாளா நத்தை வீட்டுல நண்டு இருந்திருக்கு."

"ஆமா."

"பத்திரம் இல்லாம. நம்மள மாதிரியே."

"உங்களுக்கு இப்பவும் கிண்டல்! தெருவே போகப் போகுதுங்க."

"எனக்கு மட்டும் தெரியாதா? வாளிய எடு."

அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம். அவர் வாயில் ரகசியம் தங்காது. காலையில் சொன்னால் மதியத்துக்குள் மைக் பிடித்துவிடுவார். அண்ணியிடம் சொல்வதும் அண்ணனிடம் சொல்வதும் ஒன்றுதான்.

மூன்று மணிக்குத் தண்ணீர் நன்றாக வற்றியது. முழங்கால் சேற்றில் இறங்கினோம். அவர் வாளியில் அள்ளிக் கொடுக்க, நான் சல்லடையில் அலசினேன். மிஞ்சியதில் அரிசி அரிசியாகப் பொறுக்கிக் கடல் தண்ணீர் ஊற்றிய பீங்கான் தட்டில் போட்டேன். மருந்தில் போடாமல் தண்ணீரில் போட்டுச் சும்மா இருந்தால், உள்ளே இருப்பது தானாக வெளியே வரும். ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று ஓடு. எல்லாம் நகர ஆரம்பித்தன. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் குச்சிக் குச்சியாகக் கால். தட்டு முழுக்க நண்டு. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, ஏதோ சந்தைக்குப் போகிற அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

தட்டைத் தூக்கி அப்படியே தண்ணீரில் விசிறினேன். தட்டும் போயிற்று. அவர்தான் நொண்டி நொண்டிப் போய் எடுத்து வந்தார்.

"தட்டு என்ன பண்ணும்? கோவத்தை என்மேல காட்டு, நான் பழகினவன்."

"போதும், வாங்க போகலாம். செத்துப்போச்சு. எல்லாம் செத்துப்போச்சு. நான் பொணத்தை எண்ணி எண்ணிக் கொடுத்துட்டு இருந்திருக்கேன்" என்று சேற்றிலேயே நின்று அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுகை வந்தது, அழுதேன்.

தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது. கரைக்கு வருகிற வழியில் அவருடைய பழைய கேட் சட்டம் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அளவு தப்பிப்போன கேட். யாரும் வாங்காமல் ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் தூக்கிப் போட்டது. 'கடலைக் குப்பைத்தொட்டி ஆக்கறீங்களே' என்று அதற்காக நான் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். நின்றவர், "இதுக்கு அடியில பாத்தியா?" என்றார்.

இருவருமாகச் சட்டத்தைத் தூக்கினோம். அடியில் துருவும் பாசியும் பஞ்சு மாதிரி ஏதோ ஒன்றும் படர்ந்திருந்தன. கையால் வழித்து அலசினேன். நாலு ஓடு. மூன்றுக்குக் கால் முளைத்தது. நாலாவது அசையவில்லை. காலி என்று தூக்கிப் போடப் போனேன்.

"இரு. அதுக்கு என்ன அவசரம்?"

இருந்தோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. அரை மணி நேரம் இருக்கும், அந்தக் கீறல் வாயிலிருந்து ஒரு ஈரம் கசிகிற மாதிரித் தெரிந்தது. பிறகு கண்ணாடி போன்ற ஒரு பாதம், அதில் ஆரஞ்சுப் புள்ளிகள். மெதுவாக, மிக மெதுவாக, பாதத்தின் இரு ஓரத்திலிருந்தும் ஒரு மெல்லிய தோல் ஏறி ஓட்டையே மூடியது. பால் வெள்ளை மறைந்து புள்ளிப் புள்ளியாகிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே புள்ளி. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கால் இல்லைல்ல? நல்லாப் பாத்துச் சொல்லு, கால் இல்லைல்ல?"

"இல்லங்க. ஒரு காலும் இல்ல."

வீட்டில் ஆறு கண்ணாடி டம்ளர் உண்டு. அதில் ஒன்று விளிம்பு உடைந்தது, யாரும் தொடமாட்டார்கள். அதில் கழிமுகத் தண்ணீரை ஊற்றி நத்தையை விட்டு, சமையலறை ஜன்னலில் நிழலாக வைத்தேன். சாப்பிடும்போதும் பார்த்தேன், படுக்கப் போகும்போதும் பார்த்தேன். கண்ணாடிச் சுவரில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது மகராசி. அவர்கூட, "என்னைக் கட்டிக்கிட்ட புதுசுல என்னை இப்படிப் பாத்திருப்பியா?" என்று கேட்டார்.

திருட்டுத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. மறுநாள் குழுவின் கட்டத்துக்குள் அள்ளுகிற சேற்றில் இதை நான் நழுவவிட வேண்டும். சல்லடை என் கையில்தான் இருக்கும். ஆனால் இதே கழிமுகத்தில் எடுத்ததை இதே கழிமுகத்தில் போடுவது எப்படிப் பொய்யாகும்? இருபதடி தள்ளிப் போடுகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். மேடத்திடம் மட்டும் மூச்சு விடவில்லை.

மறுநாள் மதியம் கிளம்பும்போது நத்தையைத் தூரிகையால் வழித்து, தண்ணீர் நிரப்பிய மாத்திரை டப்பியில் விட்டு இடுப்பில் செருகினேன். டம்ளரின் உள்சுவரில், கொஞ்சம் மேலே, ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. கடுகில் பாதி இருக்கும், கண்ணாடி நிறம். உப்புக் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். நகத்தால் தொட்டுப் பார்த்தேன், வரவில்லை. நேரமாகிவிட்டது, டம்ளரை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினேன். பதினாறு வருஷம் கடுகில் பாதியை எல்லாம் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். அன்றைக்கு மட்டும் என் கண்ணுக்கு என்ன கேடு?

கரையில் தெருவே நின்றது. அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். குழுவில் மூன்று பேர்: கோர்ட் அனுப்பிய வக்கீல் ஒருவர், கிடங்குக் கம்பெனியின் இஞ்சினியர் ஒருவர், வெளியூரிலிருந்து வந்த நத்தை நிபுணர் ஒருவர். நிபுணர் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார், சேறு படுவதைப் பற்றிக் கவலைப்படாத மனுஷர். மேடம் முதல் காரியமாக அவர்கள் முன்னால் நின்று, போன வருஷ எண்ணிக்கை தப்பு, அவை நண்டுகள் என்று சொல்லிவிட்டார். இஞ்சினியர் புன்னகைத்தார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

"என்ன பூதக்கண்ணாடி, அவங்க சொல்றது நெசமா?"

"நெசம்தான் அண்ணே."

"அப்ப அந்த எரநூத்திப் பதினாலு?"

நான் சல்லடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.

முதல் நாலு கட்டத்திலும் ஓடு கிடைத்தது, எல்லாம் நண்டு. வெள்ளைத் தொப்பி ஒழுங்காக வேலை செய்தார். ஓடுகளைத் தண்ணீர்த் தட்டில் போட்டுப் பத்து நிமிஷம் கடிகாரம் பார்த்தார். கால் நீட்டியதை ஒதுக்கினார். பத்து நிமிஷத்தில் அசையாததை, கைக்கு அடக்கமான, திருகி நெருக்குகிற ஒரு சின்ன வைஸில் வைத்து உடைத்து உள்ளே என்னவென்று பார்த்தார். அந்த வைஸைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் நத்தைக்குப் பத்து நிமிஷம் போதாதே! நேற்று அது வெளியே வர அரை மணி ஆயிற்றே! இதை ஏன் நான் யோசிக்கவில்லை?

ஐந்தாவது கட்டம். கடைசி வாளி. போடாமல் விட்டால் எல்லாம் முடிந்தது. போட்டால் வைஸ். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு டப்பியைக் கைக்குள் திறந்து சல்லடைக்குள் சாய்த்தேன். யாரும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கரையில் தலை குனிந்துகொண்டார்.

தட்டில் ஒன்பது ஓடு. ஏழு ஓடிவிட்டன. இரண்டு அசையவில்லை. என்னுடையது எது என்று எனக்குத் தெரியும், ஒரு கோட்டில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. வெள்ளைத் தொப்பி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், இன்னும் கொஞ்சம் பாக்கலாமே" என்றேன்.

"எதுக்கும்மா?"

எதுக்கு என்று எப்படிச் சொல்வேன்? "இல்ல சார், சில சமயம் லேட்டா வரும்."

"எல்லாத்துக்கும் பத்து நிமிஷம்தான் கொடுத்தோம். இதுக்கு மட்டும் கூடக் கொடுத்தா இவங்க ஒத்துக்குவாங்களா?" என்று இஞ்சினியரைக் காட்டினார். தண்ணீர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடமும் என்னைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கண்ணைத் தட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலாவது காலி ஓடு. இரண்டாவது என்னுடையது. வைஸின் பிடியை அவர் அரைச் சுற்றுத் திருப்பினார். நேற்று மாலை கேட்ட மாதிரி ஒரு கிண்டல் பேச்சு, ஒரு சிரிப்பு, யாராவது ஏதாவது சொல்லி இதை நிறுத்தமாட்டார்களா என்று கிடந்து துடித்தேன். 'டக்' என்றது.

வெள்ளைத் தொப்பி குனிந்தார். லென்ஸை எடுத்தார். தொப்பியைக் கழற்றி மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"அடடா" என்றார். "அடடா, இது நத்தை. உயிரோட இருந்திருக்கு. பாருங்க, இன்னும் துடிக்குது."

எல்லாரும் வந்து பார்த்தார்கள். உடைந்த ஓட்டுக்கு நடுவே ஆரஞ்சுப் புள்ளி வைத்த ஒரு துளி. சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது. பிறகு இல்லை. இஞ்சினியர், ஒன்றெல்லாம் ஒரு கணக்கா என்று வாதாடிப் பார்த்தார். வக்கீல் தாளைப் புரட்டி, உத்தரவில் 'உயிருள்ளது காணப்பட்டால்' என்றுதான் இருக்கிறது, எத்தனை என்று இல்லை, தடை இன்னும் ஒரு வருஷம் தொடரும், அடுத்த வருஷம் இதே போல மறுபடி பார்ப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கரையில் சத்தம் வானத்தைப் பிளந்தது. அண்ணன் சேற்றில் ஓடி வந்து, புதுச் சட்டையோடு என்னைக் கட்டிக்கொண்டார். "கண்டுபிடிச்சிட்டியே! என் தங்கச்சிடா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். எனக்கு அழுகைதான் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவரும் அழுதார்.

வெள்ளைத் தொப்பி அரை மணி நேரம் குறிப்பெழுதிவிட்டு, துண்டுகளை எரிசாராயக் குப்பியில் போட்டு மூடினார். மேடம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"பொண்ணுதான். வயித்துல முட்டை இருந்துருக்கு. இது ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணுதான் வைக்கும். கல்லு, இரும்பு, கண்ணாடி, கெட்டியா எது கிடைச்சாலும் ஒட்டி வச்சிரும். கடுகுல பாதி இருக்கும். முட்டைக்குள்ளயே முழு நத்தையா வளர்ந்துதான் வெளிய வரும். அதனாலதான் இது வேற எங்கயும் பரவவே இல்ல."

கண்ணாடி. கடுகில் பாதி.

நான் சல்லடையைக் கீழே போட்டேன். சேறு காலைப் பிடித்து இழுக்க இழுக்க, விழுந்து எழுந்து கரையேறினேன். பின்னால் என் வீட்டுக்காரர், "ஏய், என்னாச்சு?" என்று கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை. தெருமுனையில் யாரோ சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று இருக்கிறது. ஜன்னலில், நிழலில், தண்ணீரில் இருக்கிறது. தினமும் தண்ணீர் மாற்றுவேன். வருஷம் பூராவும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆண்டவனே, அது அப்படியே இருக்கட்டும்.

என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அண்ணி. தெருக்காரர்கள் வீட்டு டம்ளர் எல்லாம் எங்கள் சமையலறைத் தரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது, ஈரம் சொட்டச் சொட்ட. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் காலி.

"வா வா, ஜெயிச்சாச்சுன்னு செய்தி வந்துச்சு! அத்தனை பேருக்கும் டீ போட்டுடலாம்னு உன் வீட்டுக்கே வந்துட்டேன். உன் அடுப்புதான் பெருசு."

"அண்ணி, இங்க ஒரு டம்ளர்..."

"அந்த ஜன்னல்ல இருந்ததா? ஏம்மா, இப்படியா வச்சிருப்ப? உப்புத் தண்ணி நாறிப்போய்க் கிடக்கு. அதுல என்னமோ பொட்டு மாதிரி ஒட்டியிருந்துச்சு, போகவே மாட்டேன்னுச்சு. கம்பி நார் போட்டுத் தேய்ச்சேன், வெந்நீர் ஊத்தினேன், இப்பப் பாரு, பளிச்சுன்னு இருக்கு."

அண்ணி மேல் என்ன கோபப்படுவது? உதைப்பதற்குப் பக்கத்தில் நாற்காலிகூட இல்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கையில் சோப்பு நுரைதான் வந்தது.

வாசலில் கூட்டம் நிறைந்துவிட்டது. அண்ணன் கையெல்லாம் நீலப் பெயிண்டோடு வந்து நின்றார். 214-ஐ அழித்துவிட்டு '1' என்று எழுதியிருக்கிறாராம், போய்ப் பார்க்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நொண்டியபடி உள்ளே வந்தார். காலி ஜன்னலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷமும் ஒண்ணு போதும்ல, பூதக்கண்ணாடி?" என்று அண்ணன் சிரித்தார். "ஒண்ணுதானே, உன் கண்ணுக்குத் தப்புமா!"

அண்ணி முதல் டம்ளரை எனக்கு நீட்டினார். விளிம்பு உடைந்த டம்ளர். உடைந்த பக்கம் உதட்டில் படாமல் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவு அக்கறை. ஆறிப்போகிறதுக்குள் குடி என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன்.